கையெழுத்துப் போட யார் வருவார்?

எந்த மனு கையில் கிடைத்தாலும் நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி, கீழே யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மாயவரத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவள் நான். ஜாமீன் மனு, ஜீவனாம்ச மனு, பட்டா மாறுதல், கருணை அடிப்படையில் வேலை என்று ரெமிங்டன் மெஷினில் தொடங்கி கம்ப்யூட்டர் வரை தட்டித் தள்ளியாகிவிட்டது. ‘கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு’ என்ற வரியை என் விரல்கள் தூக்கத்தில்கூட அடிக்கும்.

கடையை மூடிய பிறகு பழக்கதோஷம் விடவில்லை. இணையத்தில் லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டின் பழைய விசாரணைப் பதிவுகள் 1674 முதல் 1913 வரை இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்து கருணை மனுக்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கியூ என்ற ஊரில் இருக்கும் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த மனுக்களும், அவற்றின் மேல் நீதிபதிகள் எழுதிய அறிக்கைகளும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பிரித்துப் படித்து, ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் எழுதிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கோடிப் புண்ணியம்.

நான் அதிகம் மேய்ந்தது நான்கு ஜார்ஜ் ராஜாக்கள் வரிசையாக ஆண்ட காலத்தில், அதாவது 1714-லிருந்து 1830 வரை. அதிலும் ராத்திரி வீடு புகுந்து திருடியவர்களின் மனுக்கள். நம் ஊர்ப் பழைய எஃப்.ஐ.ஆரில் ‘457, 380’ என்று போடுவார்களே, அந்த ரகம். நம் ஊரில் அதற்கு ஜெயில். அங்கே அன்றைக்கு அதற்குத் தூக்கு.

பணம் எவ்வளவு போனது என்பது கேள்வியே இல்லை. இரவில், ஒருவன் குடியிருக்கும் வீட்டை உடைத்து, குற்றம் செய்யும் எண்ணத்தோடு உள்ளே நுழைந்தாலே போதும். ஒன்றும் எடுக்காமல் திரும்பியிருந்தாலும் கழுத்துக்கு ஆபத்து. ‘உடைத்து’ என்றால் கடப்பாரை வேண்டும் என்பதில்லை. கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினாலே உடைத்த கணக்கு. திறந்து கிடந்த ஜன்னல் வழியாகப் போனால் உடைத்ததாகாது, ஆனால் புகைபோக்கி வழியாக இறங்கினால் உடைத்ததாகும். புகைபோக்கியை அதற்குமேல் எப்படி மூடி வைப்பது என்று ஒரு தர்க்கம். ‘நுழைந்து’ என்பதற்குக் கை ஒன்று உள்ளே போனால் போதும். ‘இரவு’ எது என்பதற்கு அன்றைக்குக் கடிகாரத்தை நம்பவில்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு மனிதனின் முகம் அடையாளம் தெரிகிறதா இல்லையா என்பதுதான் அளவுகோல். நிலா வெளிச்சத்தைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பௌர்ணமியன்று நடுராத்திரியில் திருடியவன் எல்லாம் தப்பித்துவிடுவான் என்று பிளாக்ஸ்டோன் என்ற சட்ட மேதை விளக்கம் கொடுத்தார்.

இந்த இண்டு இடுக்குகளில்தான் பலருக்கு உயிர் பிழைத்தது. 1783 டிசம்பரில் ஓல்ட் பெய்லியில் ஜான் ஹட்சன் என்று ஒரு பொடியனை நிறுத்தினார்கள். கிழக்கு ஸ்மித்ஃபீல்டில் ஒரு மருந்து வியாபாரியின் வீட்டுக்குள் புகுந்து சட்டை, பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி எடுத்ததாக வழக்கு. சின்னக் கால்விரல்களின் கரித்தடம் சாட்சியாக இருந்தது. விசாரணையை இப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள்: வயது என்ன? ஒன்பது நடக்கிறது. என்ன தொழில் கற்றாய்? ஒன்றுமில்லை, சில சமயம் புகைபோக்கி சுத்தம் செய்வேன். அப்பா அம்மா இருக்கிறார்களா? செத்துவிட்டார்கள். எவ்வளவு நாளாயிற்று? தெரியாது.

அந்தத் ‘தெரியாது’ வந்த இடத்தில் நான் எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். நீதிபதிக்கும் மனசு கேட்கவில்லை. பையன் பயத்தில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்பது சரியில்லை என்றார். இவனை விட்டால் மறுபடியும் பெரிய திருடர்கள் வீடுகளில் திருடத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று கவலைப்பட்டார். கடைசியில் இரவு வீடு புகுந்த குற்றம் தள்ளப்பட்டு, வெறும் திருட்டு மட்டும் நின்றது. ஏழு வருஷ நாடுகடத்தல். மனுவும் இல்லை, கையெழுத்துப் போட ஆளும் இல்லை. கோர்ட்டே பார்த்து ஒரு வழி பண்ணியது.

ஜூரிகளும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருள் திருடினால் தூக்கு என்று இன்னொரு சட்டம் இருந்தது. ஆகவே பதிவுகளில் பார்த்தால் எத்தனையோ வெள்ளிச் சாமான், பட்டுத் துணி எல்லாம் அதிசயமாக 39 ஷில்லிங் விலைக்கு வந்து நிற்கும். வீட்டுக்காரன் வாயைத் திறக்க மாட்டான். எல்லோருக்கும் தெரிந்த பொய்.

ஆனால் இரவு வீடு புகுந்தது சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டால் இந்த விலைக் கணக்கும் உதவாது. தீர்ப்பு ஒன்றுதான். அதற்குப் பிறகு மேல்முறையீடு கிடையாது. குற்றவழக்குக்கென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இங்கிலாந்தில் வந்ததே 1907-ல்தான். விசாரணையும் இன்றைக்கு நாம் நினைப்பது மாதிரி நாள்கணக்கில் இழுக்காது, பல வழக்குகள் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1836 வரைக்கும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்காக வக்கீல் ஜூரியைப் பார்த்துப் பேசவே முடியாது. சாட்சி சொல்ல வேண்டியவன் 30 மைல் தள்ளி அறுவடையில் இருப்பான். எனவே விசாரணையில் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் தீர்ப்புக்குப் பிறகு ராஜாவுக்கு எழுதும் மனுவில் வந்து விழும். கருணை மனு என்று பெயர் இருந்தாலும், பல மனுக்கள் உண்மையில் மறுவிசாரணை கேட்பவைதான்.

வெளியூர்களில் வருஷத்துக்கு இரண்டு தடவை நீதிபதிகள் சுற்றுப்பயணமாக வருவார்கள். தண்டனை சொல்லி முடித்துவிட்டு, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் யார் யாரைப் பிழைக்க விடலாம் என்று அவரே ஒரு பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்குத்தான் அவசரம். தூக்கு நாளுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும். அதற்குள் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, குதிரை வண்டித் தபாலில் லண்டன் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து அந்த நீதிபதி எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே போய், அவர் தன் விசாரணைக் குறிப்புகளைப் பார்த்து அறிக்கை எழுதி, மறுபடி லண்டன் வந்து, தூக்கை நிறுத்தும் உத்தரவு ஜெயிலுக்கு வந்து சேர வேண்டும். மழை பெய்து ரோடு சகதியானால் ஓர் உயிர் போகும்.

லண்டன் கைதிகளுக்கு வேறு முறை. ஓல்ட் பெய்லி அமர்வு வருஷத்துக்கு எட்டு. ஒவ்வொன்று முடிந்ததும் லண்டன் நகரத்தின் ரெக்கார்டர் என்ற நீதிபதி நேரே ராஜாவிடம் போய், மந்திரிகள் சூழ்ந்திருக்க, தூக்குத் தண்டனை பெற்ற ஒவ்வொருவரின் வழக்கையும் சொல்வார். இவன் சாகலாம், இவன் பிழைக்கலாம் என்று அங்கேயே முடிவாகும். 1837-ல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தபோது, பதினெட்டு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசுவதா என்று அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். அதுவரைக்கும் ராஜாவே மேசையில் உட்கார்ந்து செய்த வேலை அது.

இப்போது மனுவுக்கு வருகிறேன். என் தொழில் இது என்பதால் கொஞ்சம் நின்று பேசுவேன்.

ஆரம்பம் நமக்குப் பழகிய ராகம்தான். மாட்சிமை தங்கிய மன்னர் அவர்களுக்கு, இன்ன ஊர் ஜெயிலில் சாகக் காத்திருக்கும் துர்பாக்கியசாலியான இன்னாரின் தாழ்மையான மனு, என்று தொடங்கும். முடிவில், தங்கள் ஆயுளுக்காக என்றென்றும் பிரார்த்திப்பேன் என்று வரும். வெள்ளைக்காரன் கோர்ட்டு நடத்திய காலத்தில் இதே அச்சுத்தான் மெட்ராஸ் வழியாக நம்மிடமும் வந்தது. நான் ஆயிரம் தடவை அடித்த ‘மனுதாரர் தாழ்மையுடன் பிரார்த்திக்கிறார்’ என்பதற்குத் தாத்தா அங்கேதான் இருக்கிறார். எழுதினது பெரும்பாலும் கைதியாக இருக்க முடியாது. எழுதத் தெரிந்த சக கைதி, பாதிரியார், பள்ளி வாத்தியார், கூலிக்கு எழுதும் குமாஸ்தா, இப்படி யாராவது. கையெழுத்தும் நடையும் காட்டிக்கொடுத்துவிடும். கூலிக்கு எழுதினவன் வளவளவென்று போவான். அம்மாக்காரி எழுதினால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுவாள், எழுத்துப்பிழை தாண்டவமாடும், ஆனால் மனு ஓடும்.

சொல்லும் காரணங்களும் திரும்பத் திரும்ப வரும். சின்ன வயசு. இதற்கு முன் ஒரு தப்பும் செய்ததில்லை. கூட்டாளி கெடுத்துவிட்டான். குடித்திருந்தான். வேலையில்லாமல் பிள்ளைகள் பட்டினி. கௌரவமான குடும்பம், அப்பாவுக்கு இந்தச் செய்தியே எமனாகிவிடும். சாட்சி சொன்னவன் யோக்கியன் இல்லை. இந்தக் கடைசிக் காரணத்தில் உண்மை இருக்க நிறைய இடமுண்டு. ஏனென்றால் வீடு புகுந்த திருடனைப் பிடித்துத் தண்டனை வாங்கிக் கொடுத்தால் அரசாங்கம் 40 பவுண்டு வெகுமதி கொடுத்தது. ஒரு கூலியாளின் ஒரு வருஷ வருமானத்தைவிட அதிகம். ‘ரத்தக் காசு’ என்றே ஜனங்கள் அதைச் சொன்னார்கள். போதாக்குறைக்கு ‘டைபர்ன் டிக்கெட்’ என்று ஒரு சான்றிதழ் வேறு. அது கையில் இருந்தால் ஊர்க் காவல், ஏழை நிதி வசூல் போன்ற சம்பளமில்லாத ஊர்வேலைகளிலிருந்து விலக்கு. அதை இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம். 1818 வரை இந்த வியாபாரம் நடந்தது.

கையெழுத்துப் பக்கம்தான் எனக்குப் பிடித்த பக்கம். அந்தக் காலத்தில் போலீஸ் வழக்கு நடத்தவில்லை. பொருளைப் பறிகொடுத்தவனே செலவு செய்து வழக்கு நடத்த வேண்டும். அப்படி நடத்தித் தண்டனையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே மனிதர் கருணை மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆரம்பத்தில் எனக்கு இது விசித்திரமாகப்பட்டது. யோசித்தால் விசித்திரம் இல்லை. அவருக்குத் திருடன் மாட்ட வேண்டும், தன் ஊர்க்காரன் ஒருவன் தன்னால் செத்தான் என்ற பேச்சு வேண்டாம். வெகுமதி கிடைப்பது தண்டனைக்குத்தான், தூக்குக்கு அல்ல. கையெழுத்துப் போடுவதால் அவருக்கு நஷ்டமில்லை. நீதிபதிகள் இந்தக் கையெழுத்துக்கு நிறைய மதிப்புக் கொடுத்தார்கள். வீட்டுக்காரனே மன்னிக்கிறான் என்றால் பேச்சு வேறு.

அடுத்து பங்குச் சாமியாரும், ஊர்ப் பெரிய மனிதர்களும், ஏழை நிதியைக் கவனிக்கும் அதிகாரிகளும் வருவார்கள். இவர்கள் எல்லோரும் இரக்கத்தில் வந்தவர்கள் என்று நான் நம்பவில்லை. குடும்பத்தலைவனைத் தூக்கில் போட்டால் மனைவியும் ஐந்தாறு பிள்ளைகளும் ஊர் வரிப்பணத்தில் சாப்பிட வேண்டும். சில மனுக்களில் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியே விடுகிறார்கள்: இவன் செத்தால் இவன் குடும்பம் எங்கள் தலையில். நல்ல வாதம். நான் டைப் செய்திருந்தால் அதைத்தான் முதல் பத்தியில் வைத்திருப்பேன்.

நிலப்பிரபு ஒருவர் கையெழுத்துப் போட்டால் பத்துக் குடியானவன் கையெழுத்துக்குச் சமம். ஒரு பிரபு உள்துறைச் செயலருக்கு (அங்கே அது மந்திரி பதவி) தனியாக ஒரு கடிதம் எழுதினால் இன்னும் விசேஷம். அப்படி யாரும் இல்லாத அசலூர்க்காரன், நாடோடி, வேலை தேடி லண்டன் வந்த ஐரிஷ்காரன் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் மனுவில் அவன் பெயர் மட்டும் இருக்கும், அதுவும் ஒரு பெருக்கல் குறியாக.

அதற்காகக் கையெழுத்துக் குவித்தால் ஜெயித்துவிடலாம் என்றும் இல்லை. 1777-ல் வில்லியம் டாட் என்ற பாதிரியார் (இவர் திருடர் இல்லை, போலிப் பத்திரம் தயாரித்தவர்) விஷயத்தில் 23,000 பேர் கையெழுத்திட்ட மனு போனது. அகராதி புகழ் சாமுவேல் ஜான்சனே அவருக்காக எழுதிக் கொடுத்தார். ஜூன் 27-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். கூட்டம் சேர்த்து ராஜாவை மிரட்டுவதாகத் தோன்றினால் கருணை கதவைச் சாத்திக்கொள்ளும்போல. மனு நிராகரிக்கப்பட்டால் ஓரத்தில் ஒரே வரி, சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்று. நம் அரசியல் மேடைகளில் எத்தனை தரம் கேட்ட வசனம்! அங்கே அதற்கு அர்த்தம் அடுத்த வாரம் கயிறு.

1770-க்கும் 1830-க்கும் நடுவே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 35,000 பேருக்கு மரண தண்டனை சொல்லப்பட்டது. தூக்கில் தொங்கியவர்கள் ஏறத்தாழ 7,000. ஐந்தில் நான்கு பேர் பிழைத்தார்கள். இதைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு இரக்கமுள்ள அமைப்பு என்று அன்றைக்கே சொன்னவர்கள் உண்டு. வில்லியம் பேலி என்ற பாதிரியார் 1785-ல் இதற்கு ஒரு தத்துவமே எழுதினார்: சட்டம் எல்லோரையும் வலைக்குள் இழுக்க வேண்டும், தண்டிக்கச் சிலரைப் பொறுக்கினால் போதும் என்று. எனக்கு அது ஒப்பவில்லை. யாரைப் பொறுக்குவது என்பது ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில் முடிவாகிறதே. கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டு அவிழ்க்கிறவனுக்கு நன்றி சொல்ல வைப்பது ஆளுகிறவர்களுக்கு ரொம்ப வசதி. மிராசுதார் கோர்ட்டுக்கு வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த ஆள் ஆயுசுக்கும் அவர் வயலை விட்டு நகர முடியாமல் போனதை நானும் பார்த்திருக்கிறேன்.

கருணை கிடைத்தாலும் விடுதலை இல்லை. பெரும்பாலும் நாடுகடத்தல். முதலில் அமெரிக்கா, அங்கே சுதந்திரப் போர் வெடித்ததும் அந்த வழி அடைந்து, பழைய கப்பல்களின் பாய்மரத்தைக் கழற்றிவிட்டு ஜெயிலாக்கினார்கள். ஆப்பிரிக்கா என்று கொஞ்சநாள் பேசினார்கள். 1787-ல் ஆஸ்திரேலியா. 1789-ல் மூன்றாம் ஜார்ஜ் பெரிய வியாதியிலிருந்து தேறிய சந்தோஷத்தில் ஓல்ட் பெய்லியில் தூக்குக்கு இருந்த பெண்களைக் கூப்பிட்டு, ஆயுள் முழுக்க நாடுகடந்து போகச் சம்மதமா, உயிர் தருகிறோம் என்றார்கள். சிலர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட்டு திகைத்துப் போனது. நயத்தாலும் பயத்தாலும் கடைசியில் சம்மதிக்க வைத்தார்கள்.

இப்படி நாடுகடந்து போனவர்களில் கார்ன்வாலைச் சேர்ந்த ஜேம்ஸ் ரூஸ் ஒருவர். 1782-ல் வீடு புகுந்து இரண்டு வெள்ளிக் கடிகாரம் திருடியதற்குத் தூக்கு; அது ஏழு வருஷ நாடுகடத்தலாகக் குறைந்தது. பிளிமத் துறைமுகத்தில் டன்கர்க் என்ற ஜெயில் கப்பலில் பல வருஷம் கிடந்துவிட்டு ஆஸ்திரேலியா போய், பரமட்டாவில் முதன்முதலாகச் சொந்த உழைப்பில் விளைச்சல் எடுத்துக் காட்டி 30 ஏக்கர் நிலம் வாங்கினார். கரித்தடம் பதித்த ஹட்சன் பையனையும் அதே டன்கர்க்கில்தான் அடைத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளோடு போன முதல் கப்பல் கூட்டத்தில் போகும்போது அவனுக்குப் பதின்மூன்று வயசு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதையும் அந்த டன்கர்க்குக்குத்தான் வருகிறது.

1783 பிப்ரவரியில் நார்ஃபோக்கில் ஆல்பர்க் என்ற கிராமத்தில், வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத சமயம், ஒரு வீட்டைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். சும்மா இல்லை, கட்டில் திரைச்சீலையிலிருந்து உப்பில் ஊறப்போட்ட இறைச்சி வரை. போகிறபோது ஒயின் குடித்துவிட்டுக் காலிப் பாட்டில்களை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். மாட்டியவர்கள் மூன்று பேர்: ஹென்றி கேபிள், அதே பெயருள்ள அவன் அப்பா, ஏப்ரகாம் கார்மன் என்ற கூட்டாளி. தெட்ஃபர்டில் மூவருக்கும் தூக்கு. நீதிபதி மகனை மட்டும் விலக்கினார், வயசைப் பார்த்து என்பார்கள். அப்பாவையும் கார்மனையும் நார்விச் கோட்டைக்கு வெளியே தூக்கில் போட்டார்கள். மகனுக்கு 14 வருஷ நாடுகடத்தல், அமெரிக்காவுக்கு. ஆனால் அமெரிக்கா அடைபட்டுவிட்டதே? நார்விச் கோட்டை ஜெயிலிலேயே கிடந்தான்.

அடுத்த வருஷம் சூசன்னா ஹோம்ஸ் என்ற பெண்ணும் அங்கே வந்து சேர்ந்தாள். அவளும் ஒரு வீட்டில் புகுந்து துணிமணியும் வெள்ளிக் கரண்டியும் எடுத்தவள். தூக்கு சொல்லி 14 வருஷமாகக் குறைத்திருந்தார்கள். ஆண் பெண் பிரிவு என்று பெரிய கட்டுப்பாடெல்லாம் அந்த ஜெயிலில் இல்லை. 1786-ல் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் உத்தரவு வந்தது, சூசன்னாவை பிளிமத்துக்கு அனுப்பு என்று. உத்தரவில் கேபிள் பெயர் இல்லை. ஜான் சிம்ப்சன் என்ற ஜெயில் காவலர் சூசன்னாவையும் வேறு இரண்டு பெண்களையும் கைக்குழந்தையோடு கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போனார். டன்கர்க் கப்பலின் கேப்டன் காகிதத்தைப் பார்த்தார். மூன்று பெண்கள் என்று இருக்கிறது, குழந்தை பற்றி ஒன்றும் இல்லை. குழந்தையை ஏற்ற முடியாது என்றுவிட்டார். தாயைப் பிரித்துக் கீழே கொண்டுபோனார்கள். அவள் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று கதறினாள். ஐந்து மாதப் பிள்ளை சிம்ப்சன் கையில்.

அந்த நேரத்தில் ஓர் அரசு ஊழியர் வழக்கமாக என்ன செய்வார்? மேலிடத்துக்கு எழுதிவிட்டுப் பிள்ளையை ஊர் அநாதை நிதியில் ஒப்படைப்பார். சிம்ப்சன் லண்டன் கோச்சு வண்டியில் ஏறினார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நிற்கிற சத்திரத்தில் எல்லாம் தெரிந்த வகையில் பால் புகட்டிக்கொண்டு போனார். லண்டனில் உள்துறைச் செயலர் சிட்னி பிரபுவின் அலுவலகத்தில் உள்ளே விடவில்லை. பார்க்க வேண்டுமென்றால் சில நாள் ஆகும் என்றார்கள். காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் உட்காருவது அவருக்குச் சரிப்படவில்லை. பிரபு மாடிப்படியில் இறங்கி வரும்போது எதிரே போய் நின்றுவிட்டார்.

பிரபு முதலில் எரிச்சல்பட்டார், பிறகு கேட்டார். கேட்ட இடத்திலேயே உத்தரவு: பிள்ளை தாயிடம் போக வேண்டும், தகப்பனும் கூடவே போக வேண்டும். சிம்ப்சன் நார்விச் திரும்பி, கேபிளைக் கூட்டிக்கொண்டு, பிள்ளையோடு மறுபடி பிளிமத் போய்ச் சேர்ந்தார். மொத்தம் சுமார் 700 மைல் அலைந்ததாக அவரே கடிதம் எழுதினார். அது பத்திரிகைகளில் வந்து ஊரே உருகியது. கேடகன் சீமாட்டி முன்னின்று வசூல் செய்து, அந்தக் குடும்பத்துக்கு 20 பவுண்டுக்குச் சாமான் வாங்கிக் கட்டி, மூட்டையாக அலெக்சாண்டர் என்ற கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

இத்தனை மனுக்களைப் படித்ததில் எனக்குப் பிடித்த மனு இதுதான். இதில் காகிதமே இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய ஆள் தானே வந்து நின்றுவிட்டார், அதுவும் சாவியை வைத்திருக்கிறவர். அதே சமயம், அந்தப் படியில் பிரபுவுக்கு அன்று காலை தலைவலி இருந்திருந்தால்? என்ற கேள்வியும் என்னை விடுவதில்லை.

கப்பல்கள் 1788 ஜனவரியில் ஆஸ்திரேலியா சேர்ந்தன. இறங்கின துறைக்கு அதே சிட்னி பிரபுவின் பெயர். பிப்ரவரி 10-ஆம் தேதி அங்கே நடந்த முதல் ஐந்து கல்யாணங்களில் ஒன்று ஹென்றிக்கும் சூசன்னாவுக்கும். இரண்டு பேரும் தங்கள் மூட்டையைக் கேட்டார்கள். சில புத்தகங்களைத் தவிர மற்றதெல்லாம் காணோம். கப்பல் கேப்டன் டங்கன் சின்க்ளேர், அதற்கு நான் பொறுப்பில்லை என்றார்.

இங்கிலாந்துச் சட்டப்படி தூக்குத் தண்டனை பெற்றவன் சட்டத்தின் கணக்கில் செத்தவன். அவனால் வழக்குப் போட முடியாது, சொத்து வைத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் புதுக் குடியேற்றத்தில் நீதி நிர்வாகம் பார்த்த டேவிட் காலின்ஸ் 1788 ஜூலையில் அந்த வழக்கை எடுத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் முதல் சிவில் வழக்கு அதுதான். வாதி, வீடு புகுந்த திருடனும் வீடு புகுந்த திருடியும். பிரதிவாதி, கப்பல் கேப்டன். வழக்கு, சாமான் திருட்டுப்போனது. தீர்ப்பு வாதிகள் பக்கம். கேப்டன் 15 பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த வாதப் பத்திரத்தை டைப் செய்ய எனக்குக் கிடைத்திருந்தால் கூலியே வாங்கியிருக்க மாட்டேன்.

இங்கிலாந்தில் சாதாரணமாக இரவு வீடு புகுந்ததற்குத் தூக்கு என்பதை 1837-ல் எடுத்தார்கள். வன்முறையோடு புகுந்தால் மட்டும் என்று குறைத்தார்கள். கேபிள் அதைக் கேள்விப்படும்போது எழுபதைத் தாண்டியிருப்பார். நடுவில் அவர் வாழ்ந்த வாழ்வு தனி. பதினோரு பிள்ளைகள், சத்திரம், சொந்தக் கப்பல்கள், சீல் என்ற கடல்நாயின் தோல் வியாபாரம். சிட்னியின் தலைமைக் கான்ஸ்டபிளாகவும் இருந்தார். அந்த வேலை 1802-ல் போனது. துறைமுக விதியை மீறி, வந்திருந்த ஒரு கப்பலிலிருந்து திருட்டுத்தனமாகப் பன்றிகள் வாங்கி இறக்கினார் என்று குற்றச்சாட்டு. அதற்கு அவர் கருணை மனு எதுவும் போட்டதாக நான் பார்க்கவில்லை.